சண்டை எப்போ நடந்துச்சு?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். இன்னைக்கு எழுதிடறேன்.

1999-ல் கார்கில் சண்டை நடந்தப்போ நான் போடியில் காலேஜ் ரெண்டாம் வருஷம். உண்டியலைத் தூக்கிக்கிட்டு ஒரு ஏலக்காய்க் கடை விடாம நிதி வசூல் பண்ணினோம். ஜூன் 8-ந்தேதி உலகக் கோப்பையில் பாகிஸ்தானை 47 ரன்ல ஜெயிச்சப்போ தெருவுல வெடி போட்டோம். எனக்கு ரெண்டும் ஒரே மேட்ச் மாதிரிதான் இருந்தது. (அப்போ அவ்வளவுதான் அறிவு!)

அண்ணன், அதாவது பெரியப்பா மகன், குரங்கணி. போடியிலிருந்து 16 கிலோமீட்டர். அங்கேருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே ஏத்தம். மூட்டை சுமந்து மலை ஏறின காலு. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தப்போ சுலபமா ஓடி ஜெயிச்சு சேர்ந்திருச்சு.

2001 டிசம்பர் 13-ல் பாராளுமன்றத் தாக்குதல். உடனே 'ஆபரேஷன் பராக்ரம்'னு லட்சக்கணக்கான வீரர்களை எல்லையில் கொண்டுபோய் நிறுத்தினாங்க. அண்ணன் ராஜஸ்தான் பக்கம். விலாசத்துல ஊர்ப் பேரே இருக்காது, 56 ஏ.பி.ஓ. மட்டும்தான். அதுக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் போட்டேன். "இந்தத் தடவை விடாதீங்கண்ணே, ஒரேயடியா முடிச்சிட்டு வாங்க."

பதில் வந்தது.

"இங்க சண்டையெல்லாம் இல்ல பாப்பா. கண்ணிவெடி புதைக்கிறோம். கடுகு பூத்து நிக்கிற காடு. காட்டுக்காரரு எங்கப்பா மாதிரியே ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருக்காரு. ஒண்ணும் கேக்கல."

எனக்குச் சப்புன்னு போச்சு. சண்டை எப்போ ஆரம்பிக்கும்னு கேட்டு அடுத்த லெட்டர் போட்டேன். அது போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியாது.

2002 பிப்ரவரியில் தந்தி வந்தது. புதைக்கும்போதே ஒண்ணு வெடிச்சிருக்கு.

பெட்டியைத் திறக்க வேண்டாம்னு கூட வந்தவர் மெதுவா சொன்னார். பெரியம்மா அழல. வீட்டுல படிச்ச பிள்ளை நான்தான்னு என்னைக் கூப்பிட்டாங்க.

"யாரு சுட்டாங்க?"

"யாரும் சுடல பெரியம்மா. நம்ம வெடிதான்."

"அப்போ சண்டை எப்போ நடந்துச்சு?"

"நடக்கவே இல்ல பெரியம்மா."

நான் பொய் சொல்றேன்னு நினைச்சாங்க போல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அந்த அக்டோபர்ல படைகளைத் திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. கார்கில்ல நம்ம பக்கம் இறந்தவங்க 527 பேர். சண்டையே நடக்காத பராக்ரம்ல, கண்ணிவெடி, வெடிமருந்து விபத்து, சாலை விபத்துன்னு 2003-ல் பாராளுமன்றத்துல சொன்ன கணக்கு 798. கார்கிலுக்கு ஜூலை 26 இருக்கு, இருக்க வேண்டியதுதான். இவங்களுக்குன்னு அப்படி ஒரு நாள் இல்ல.

எல்லையில காவல் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா 'சண்டை வரட்டும்'னு சொன்ன அந்த வாய் எனக்குப் போயிடுச்சு. சண்டைக்குத் தயாராகுறதுக்கே ஆள் சாகுதுங்க.

2025 மே மாசம் நாலு நாள் டிவியில சண்டை ஓடினப்போ, ப்ளஸ் டூ படிச்ச என் மக சொன்னா, "ஒரேயடியா முடிச்சிடணும்மா." என் லெட்டரையே யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. திட்டல. குரங்கணிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

"நின்னுருச்சா?"ன்னு கேட்டாங்க பெரியம்மா.

"நின்னுருச்சு."

"போன பயலுக எல்லாம் வீட்டுக்கு வந்துட்டானுகளா?"

ரெண்டு பேருமே பதில் சொல்லல. அண்ணன் லெட்டர் இப்போ மக கிட்ட இருக்கு.