மூன்றாம் பிரிவில் ஓர் எதிர்நோக்கு

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள், புனித ஸ்தேவானின் திருநாள். இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள சண்டர்லாண்ட் நகரின் கால்பந்து அரங்கில் அன்று 46,039 பேர் கூடினர். உலகப் புகழ் பெற்ற அணிகள் எவையும் அங்கே மோதவில்லை. மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த சண்டர்லாண்டும், அந்தப் பருவத்தின் முடிவில் நான்காம் பிரிவுக்கே இறங்கிப்போன பிராட்ஃபோர்டு சிட்டியும் ஆடிய ஆட்டம் அது. வெற்றி பெறுகிறவர்களைச் சுற்றிக் கூட்டம் சேர்வது உலக இயல்பு. தோற்றுத் தோற்றுத் தரையைத் தொட்டுவிட்ட ஓர் அணியைக் காண, கடுங்குளிரில், விழாக்கால விருந்தை விட்டு எழுந்து, நாற்பத்தாறாயிரம் பேர் ஏன் வரவேண்டும்? அந்த ஆண்டு அக்டோபர் முதல் மறு ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா வரை, விடுப்பில் சென்ற ஒரு குருவுக்குப் பதிலாக நாம் அந்தப் பகுதியில் பணியாற்ற நேர்ந்தது. அந்த மாதங்களில் இந்தக் கேள்வி நம்மை விடவே இல்லை.

அவர்கள் விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017-இல் பிரீமியர் லீக் பட்டியலில் கடைசி இடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். 2018-இல் அங்கும் கடைசி இடம். மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். பள்ளி ஆசிரியர்கள் 1879-இல் தொடங்கிய இக்கழகம் ஆறு முறை இங்கிலாந்தின் முதற்பிரிவில் வாகை சூடியது என்பதையும், அவற்றுள் கடைசி 1936-இல் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வீழ்ச்சியின் ஆழம் புரியும்.

சண்டர்லாண்ட் வியர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த நகரம். கப்பல் கட்டுவதும் நிலக்கரி வெட்டுவதும் அதன் இரு கைகளாக இருந்தன. எஞ்சியிருந்த கப்பல் கட்டும் தளங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு 1988 டிசம்பரில் வந்தது. ஆற்றின் வடகரையிலிருந்த வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. மூடிய சுரங்கத்தின் மேலேயே புதிய கால்பந்து அரங்கம் எழுப்பப்பட்டு 1997-இல் திறக்கப்பட்டது. ஒளியின் அரங்கம் என்று அதற்குப் பெயர். சுரங்கத் தொழிலாளர் இருளுக்குள் ஏந்திச் சென்ற விளக்கின் பெரிய உருவம் ஒன்று அதன் முன்னே நிற்கிறது. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் புனித பேதுருவின் பழைய ஆலயம். புனித பெனடிக்ட் பிஸ்காப் 674-இல் நிறுவிய துறவு மடத்தைச் சார்ந்தது அது. திருச்சபையின் மறைவல்லுநரான புனித பீட் ஏழு வயதுச் சிறுவனாக அவரிடம் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்த மண் அதுவே. இப்போது அவ்வாலயம் ஆங்கிலிக்கன் சபையினரிடம் இருக்கிறது. நாம் அங்கே சென்று சற்று நேரம் அமர்ந்து செபித்தோம். வழிகாட்டிய நண்பர் ஆலயத்தை விட அரங்கத்தைக் காட்டுவதிலேயே ஆர்வமாக இருந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்த நண்பருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பதினைந்தாம் வயதில் சுரங்கத்தில் இறங்கியவர், மனைவியை இழந்தவர், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். வியர்மவுத் சுரங்கம் மூடப்பட்ட நாளில் வேலை இழந்தவர்களுள் அவரும் ஒருவர். "முப்பது ஆண்டுகள் இந்த மண்ணுக்குக் கீழே போனேன், ஃபாதர். இப்போது அதே மண்ணுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன். கீழே இருந்தபோது இவ்வளவு துன்பம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இலண்டனில் வேலை பார்க்கும் அவர் மகன், ஓய்வூதியத்தில் இந்த அணிக்காகச் செலவழிப்பதை நிறுத்தும்படி ஆண்டுதோறும் தொலைபேசியில் மன்றாடுவானாம். அடுத்த பருவத்திற்கான இருக்கைப் பணத்தை இளவேனிற் காலத்திலேயே கட்டிவிடுவது நண்பரின் வழக்கம். அணி எந்தப் பிரிவில் ஆடப்போகிறது என்பது தெரிவதற்கு முன்பே கட்டிவிடுவார். "தெரிந்த பிறகு கட்டினால் அது கணக்கு, ஃபாதர்" என்றார் ஒருமுறை. நாம் குருமடத்தில் படித்த நாள்களில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் பேராசிரியரிடமும் கேட்டதில்லை.

ஏனெனில், எதிர்நோக்கு என்று நாம் தமிழில் சொல்லும் அந்த நற்பண்பைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதும்போது, அதன் பொருளுக்கு நான்கு அடையாளங்களைச் சுட்டுகிறார். அது நன்மையாக இருக்கவேண்டும். இன்னும் கைக்கு வராததாக இருக்கவேண்டும். அடைவதற்கு அரியதாக இருக்கவேண்டும். அரியதாயினும் இயலக்கூடியதாக இருக்கவேண்டும். எளிதில் கிடைப்பதை நாம் விரும்புகிறோம், எதிர்நோக்குவதில்லை. நடவாததைக் கனவு காண்கிறோம், அதையும் எதிர்நோக்குவதில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள அந்தக் குறுகிய ஒற்றையடிப் பாதையில்தான் எதிர்நோக்கு நடக்கிறது. ஆண்டுதோறும் பட்டம் வெல்லும் பெரும் பணக்கார அணிகளின் ரசிகர்களுக்கு இந்தப் பாதை தெரிய வாய்ப்புக் குறைவு என்பது நம் எண்ணம். அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இறையியல் சொல்லும் எதிர்நோக்கின் பொருள் இறைவனே, ஒரு தோல் பந்து அன்று என்று வாசகர்கள் நம்மைத் திருத்தக்கூடும். உண்மைதான். அக்குவினாஸ் அந்த நான்கு அடையாளங்களைச் சொல்வதும் மனித இயல்பிலுள்ள எதிர்நோக்கு என்னும் உணர்வைப் பற்றிப் பேசும் இடத்தில்தான்; இறையருளால் வரும் நற்பண்பு அந்த இயல்பின் மேல் கட்டப்படுவது. அடித்தளமே இல்லாத மனத்தில் எதைக் கட்டுவது? வேலை போய், பிள்ளைகள் ஊரை விட்டுப்போய், கடைவீதியில் பாதிக் கதவுகள் மூடிக் கிடக்கும் ஓரிடத்தில், நாளை என்று ஒன்று உண்டு என்பதை மனிதருக்கு நினைவூட்ட எதுவும் இல்லாமற் போனால், அங்கே குருவானவரின் மறையுரை காற்றில் கலந்துவிடும். அந்த நகரில் "அடுத்த சனிக்கிழமை" என்ற சொல்லுக்குப் பொருள் இருந்தது. அதற்காக நாம் நன்றியுடையவராய் இருந்தோம்.

இந்த அணியைப் பற்றி 2018 டிசம்பரில் வெளிவந்த 'சண்டர்லாண்ட் டில் ஐ டை' என்ற ஆவணத் தொடரைப் பலர் கண்டிருப்பார்கள். முதற்பிரிவுக்கு அணி மீண்டும் ஏறும் கதை கிடைக்கும் என்று படப்பிடிப்புக் குழுவினர் வந்தார்கள். கிடைத்ததோ இரண்டாவது வீழ்ச்சி. அதன் தொடக்கத்திலேயே ஒரு கத்தோலிக்க ஆலயம் வருகிறது. அணிக்காகவும் நகருக்காகவும் மன்றாடுமாறு பங்குத்தந்தை மக்களை அழைக்கிறார். நமக்குத் தெரிந்த குருக்கள் சிலர் இதைக் கண்டு நகைத்தார்கள். எதிரணியின் ஊரிலும் ஆலயம் உண்டு, அங்கேயும் மன்றாட்டு உண்டு, ஆண்டவர் யார் பக்கம் நிற்பார் என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி நியாயமானது, ஆனால் அந்தக் குரு கேட்டதை அவர்கள் முழுதும் கேட்கவில்லை என்றே தோன்றுகிறது. அணி தழைத்தால் நகரும் தழைக்கும் என்பதற்காகவே அவர் மன்றாடினார். மழைக்காக மன்றாடும் உழவன், பக்கத்து ஊரில் உப்பளம் வைத்திருப்பவனுக்கு எதிராக மன்றாடுவதில்லை. தன் வயலை நினைத்து மன்றாடுகிறான். எதை யாருக்குக் கொடுப்பது என்ற கவலையை ஆண்டவரிடம் விட்டுவிடுகிறான்.

சூதாடியின் ஆசையோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்களை மட்டும் நம்மால் பொறுக்க இயலவில்லை. இங்கிலாந்தில் பல அணிகளின் சட்டைகளில் பல ஆண்டுகளாகச் சூதாட்ட நிறுவனங்களின் பெயர்களே பொறிக்கப்பட்டு வந்தன. ஏழைத் தொழிலாளரின் பற்றுறுதியை விலைபேசும் அந்த வணிகம் வெட்கத்துக்குரியது. சூதாடிக்கு முடிவு மட்டும் போதும். அணி எதுவாயினும் அவனுக்கு ஒன்றே. ரசிகனுக்கு முதலில் வேண்டியது அணி. முடிவு பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

இதை நமக்குக் காட்டியது இருக்கைகளின் கதை. அரங்கின் சிவப்பு இருக்கைகள் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு வெளிறி, இளஞ்சிவப்பாக மாறிவிட்டன. மேற்பிரிவில் இருந்த காலத்தில் அவற்றை மாற்ற எவருக்கும் நேரம் இல்லை போலும். 2018-ஆம் ஆண்டுக் கோடையில், மூன்றாம் பிரிவுக்கு விழுந்த வெட்கம் ஆறாத நிலையில், கழகத்தின் புதிய உரிமையாளர்கள் இருக்கைகளை மாற்ற முனைந்தார்கள். ரசிகர்களே தாமாக முன்வந்து வேலையில் இறங்கினார்கள். நம் நண்பரும் போனார். பழைய இருக்கைகளைக் கழற்றி அடுக்குவதும், புதியவற்றைத் தூக்கிக் கொடுப்பதும் அவருக்குக் கிடைத்த பணி. இடுப்பு வலி இரண்டு வாரம் நீடித்ததாம். கோல் அடிப்பது அவர் கையில் இல்லை. ஆட்டக்காரரை வாங்குவதும் விற்பதும் அவர் கையில் இல்லை. இருக்கைக்கு நிறம் கொடுப்பது கையில் இருந்தது, கொடுத்தார். தாம் அமரும் வரிசையையே மாற்றக் கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பெருமையோடு சொன்னார். அந்த இருக்கைக்கு அருகே அமர்ந்து நாமும் ஓர் ஆட்டம் கண்டோம். அது சமநிலையில் முடிந்தது. அந்தப் பருவத்தின் 46 லீக் ஆட்டங்களில் 19 அவ்வாறே முடிந்தன என்பதால் அதில் வியப்பில்லை.

2019 மார்ச் 31 தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. மகிழுங்கள் என்று திருவழிபாடே அழைக்கும் ஞாயிறு. அன்று கீழ்ப்பிரிவு அணிகளுக்கான கோப்பையின் இறுதியாட்டம் வெம்பிளியில் நடந்தது. விடியுமுன் பேருந்து புறப்படும் என்பதால், நண்பர் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கே வந்துவிட்டார். 85,021 பேர் கூடிய அந்த ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் போர்ட்ஸ்மவுத்திடம் தோற்றார்கள். மே மாதம் மீண்டும் வெம்பிளி. இரண்டாம் பிரிவுக்கு ஏறும் பிளே-ஆஃப் இறுதியாட்டம். எதிரணியான சார்ல்டன் தானே தன் வலைக்குள் பந்தைப் போட்டுக் கொடுத்தும், கூடுதல் நேரத்தின் நான்காம் நிமிடத்தில் வாங்கிய கோலால் 2–1 எனத் தோற்றார்கள். நாம் ஊர் திரும்பிவிட்டிருந்தோம். நள்ளிரவுக்குச் சற்று முன் நண்பரின் குறுஞ்செய்தி வந்தது. "மறுபடியும்" என்ற ஒரே சொல்.

1973 மே 5 அன்று, இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே, வலிமை மிக்க லீட்ஸ் அணியை 1–0 என வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கொண்டுவந்த அணி இது. போர்ட்டர்ஃபீல்டு அடித்த கோலையும், கோல்கீப்பர் மாண்ட்கோமரி அடுத்தடுத்துத் தடுத்த இரண்டு உதைகளையும், ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஸ்டோகோ தொப்பியோடும் மேலங்கியோடும் களத்துக்குள் ஓடியதையும் நண்பர் இருபத்தேழு வயது இளைஞராக நேரில் கண்டார். அதன்பின் வெம்பிளியில் அவர்கள் மீண்டும் வென்றது 2021 மார்ச்சில். டிரான்மியர் அணியை 1–0 என வென்றார்கள். அது பெருந்தொற்றுக் காலம். அரங்கில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த காட்சியை நண்பர் வீட்டுத் தொலைக்காட்சியில், தனியாக, தேநீர்க் கோப்பையோடு கண்டார். "கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு" என்று எழுதினார். அதில் கசப்பு எதுவும் நமக்குத் தென்படவில்லை.

2022-இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். 2025-இல், லீக்கின் கடைசி ஐந்து ஆட்டங்களில் தொடர்ந்து தோற்று, எல்லோரும் கைவிட்ட நிலையில் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தார்கள். மே 24 அன்று வெம்பிளியில் ஷெஃபீல்டு யுனைடெட் முதலில் கோல் அடித்தது. சண்டர்லாண்ட் அதைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் டாம் வாட்சன் வெற்றிக் கோலை அடித்தார். அந்த வட்டாரத்திலேயே பிறந்த பிள்ளை; வேறு கழகத்துக்குச் செல்ல ஏற்கெனவே உடன்பாடு செய்துகொண்டிருந்தவர். தாம் இனி ஆடப்போகாத அணியை முதற்பிரிவுக்கு ஏற்றிவிட்டுப் போனார். புனித பீட்டின் திருநாளுக்கு முந்திய நாள் அது. இதில் புதுமை எதையும் நாம் தேடவில்லை. நாள்காட்டியைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம், அவ்வளவே.

அன்றிரவு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். எழுபத்தொன்பது வயதுக் குரல். பின்னணியில் மகனின் குரலும் கேட்டது. பணத்தை நிறுத்தச் சொன்ன அதே மகன் இலண்டனிலேயே இருந்ததால் தந்தையை அரங்கத்துக்கு அழைத்துச் சென்றானாம். இருவரும் அழுது முடித்திருந்தார்கள் என்று ஊகித்தோம். பேச்சு முடியுமுன் நண்பர் கவலைப்படத் தொடங்கிவிட்டார். கடந்த இரண்டு பருவங்களிலும் முதற்பிரிவுக்கு ஏறிய மூன்று அணிகளும் அடுத்த ஆண்டே இறங்கிவிட்டன என்று கணக்குச் சொன்னார். நாம் சிரித்தோம்.

2025 ஆகஸ்டு 16 அன்று, எட்டாண்டுகளுக்குப் பின் பிரீமியர் லீக்கில் அவர்கள் ஆடிய முதல் ஆட்டத்தில், தங்கள் சொந்த அரங்கில் வெஸ்ட் ஹாம் அணியை 3–0 என வென்றார்கள். வாழ்த்துச் சொல்லி எழுதினோம். மறுநாள் பதில் வந்தது: "இன்னும் முப்பத்தேழு ஆட்டங்கள் இருக்கின்றன, ஃபாதர்."