போடி ரயிலும் மலையின் நிறங்களும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஒரு வகைப் படங்கள் மிகுதியாக வலம் வருகின்றன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் மலைச்சரிவுகள் செம்மையும் மஞ்சளுமாக நிற்க, அவற்றின் நடுவே ஒரு சிறிய ரயில் செல்லும் காட்சிகள் அவை. மதரஸாவின் மூத்த வகுப்பு மாணவர்கள் அவற்றைப் பற்றிப் பேசும்போது, "ஹஜ்ரத், நம்ம ஊர் மலை ஏன் இப்படி மாறுவதில்லை?" என்று கேட்கின்றனர். நல்ல கேள்வி. விடையளிக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

குளிர்நாடுகளில் பகற்பொழுது சுருங்கிக் குளிர் கூடும்போது இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சில மரங்களில் செந்நிறம் புதிதாக உருவாகிறது. சில நாட்களில் இலை உதிர்ந்துவிடும். ஆக, அந்தச் செம்மை இலையின் இறுதிக் கோலம். நம் நாட்டிலோ செம்மை இலையின் தொடக்கத்தில் இருக்கிறது. பெரியகுளத்து மாந்தோப்புகளில் கொழுந்து விடும் பருவத்தில் பார்த்தால் இது விளங்கும். மாந்தளிர் நிறம் என்று நம் பெண்கள் புடவைக்குச் சொல்வது அந்தச் செம்பு நிறத்தைத்தான். மேலே சோலைக்காடுகளிலும் பல மரங்கள் சிவந்த தளிரோடுதான் இலை விடுகின்றன. ஒரே நிறத்தை இறைவன் ஓரிடத்தில் முடிவுக்கும் மற்றோரிடத்தில் பிறப்புக்கும் வைத்திருக்கிறான்.

ஐப்பசியில் நம் மலையின் அழகு வேறு விதமானது. மழையில் கழுவப்பட்ட பச்சை, மலைமுகட்டில் தங்கும் மேகம், பாறைகளில் வெள்ளிக் கோடுகளாக இறங்கும் நீர், அடிவாரத்தில் ஈரம் காயாத செம்மண். அதன் முன்னே இப்போது ரயிலும் ஓடுகிறது. இந்த ரயிலின் வரலாற்றைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில் மீட்டர் பாதையாக மீண்டும் அமைக்கப்பட்டது. 2010-இன் இறுதியில், அகலப் பாதையாக மாற்றுவதற்காக அந்த வண்டியும் நிறுத்தப்பட்டது. 2022 மே மாதத்தில்தான் தேனி வரை ரயில் திரும்பி வந்தது; 2023 ஜூனில் எஞ்சிய 15 கிலோமீட்டரும் முடிந்து போடிக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ பன்னிரண்டரை ஆண்டுகள் போடி மக்கள் ரயிலின்றி இருந்தனர். அந்நாட்களில் பிறந்த பிள்ளைகளுக்கு ரயில் என்பது மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ சென்று பார்க்கும் பொருளாக இருந்தது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் மக்களுக்கு இன்றும் அப்படித்தான். கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை ரயில் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

போடிக்கு மேலே, மூணாறு மலையில் முன்பு ஒரு ரயில் ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்பது அதன் பெயர். 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய பாதை ரயிலாக மாறியது. மூணாற்றின் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை அது கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே இறக்கிக் கொட்டகுடி வழியாகப் போடிக்குக் கொண்டுவந்தனர். 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடியோடு அழித்துவிட்டது. பின்னர் அது கட்டப்படவே இல்லை. அந்த வண்டி எப்படி இருந்தது என்பதை இன்று நமக்குக் காட்டுபவை, யாரோ அன்று எடுத்து வைத்த சில கறுப்பு வெள்ளைப் படங்களே. ஆகவே ரயிலையும் மலையையும் படமெடுப்பது வீண்வேலை என்று நாங்கள் சொல்லமாட்டோம். எது நிலைக்கும், எது போகும் என்பது எடுக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை.

படமெடுப்பது கூடுமா என்று சில பெற்றோர் தயங்குகின்றனர். உயிருள்ளவற்றின் உருவம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மரம், மலை, வண்டி ஆகியவற்றில் அத்தகைய சிக்கல் இல்லை. ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழி காட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

நம் கவலை வேறொன்று. பிள்ளைகள் மலையைப் படமெடுக்கச் செல்வதாகச் சொல்லிவிட்டுத் தண்டவாளத்தின் நடுவே நின்று, பின்னால் வண்டி வரும்போது தம்மையே படமெடுத்துக் கொள்கின்றனர். அந்தப் படத்தில் மலையும் இல்லை, ரயிலும் இல்லை. உயிர் மட்டுமே பணயமாக இருக்கிறது. ஓட்டுநர் முழு பிரேக் போட்டாலும் ரயில் பல நூறு மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். பாதைக்குள் அத்துமீறி நுழைந்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் நம்மிடம் உண்டு: உயிர் நமக்குச் சொந்தமானதன்று, அது அமானிதம்.

"போகாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் மறைவாகச் செல்வர். எனவே எப்படிப் போவது என்று கற்றுக்கொடுப்பதே மேல். ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்தில் ததாமி ரயில் பாதை இருக்கிறது. 2011 வெள்ளத்தில் சிதைந்து, பதினோரு ஆண்டுகளுக்குப் பின் 2022 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. நம் பாதையைப் போலவே நெடுநாள் காத்திருந்து மீண்ட பாதை அது. அங்கே ஆற்றுப்பாலத்தில் ரயில் செல்வதைப் படமெடுப்போர், பாலத்திற்கு அப்பால் குன்றின் மேல் அமைந்த பார்வைமேடையில் நின்று காத்திருக்கின்றனர். நாளொன்றுக்குச் சில வண்டிகளே வரும். அந்தப் பொறுமையில்தான் படம் அமைகிறது.

நம் ஊரிலும் இது இயலும். காலையில் மதுரையிலிருந்து வரும் வண்டி தேனியைக் கடந்து மேற்கு நோக்கிப் போடிக்குச் செல்கிறது. பாதைக்குத் தெற்கே, சற்றுத் தொலைவில் பொதுச் சாலையோரம் நின்றால் வெயில் நம் முதுகுப்புறம் இருக்கும். மலை முழுவதும் ஒளி பெற்றுத் தெரியும். வண்டி சிறியதாகவும் மலை பெரியதாகவும் விழும் படமே உண்மையான படம். மாலை வண்டிக்கு, கதிரவன் மலைக்குப் பின் இறங்கும் வேளை அது, மஃரிபும் நெருங்கிவிடும். எனவே காலையே சிறந்தது. வண்டி வருவதற்கு அரைமணி நேரம் முன்பே சென்று, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு மலையைப் பார்க்கட்டும். மேகம் எங்கே நகர்கிறது, நிழல் எந்தச் சரிவில் விழுகிறது என்று கவனித்த கண்ணுக்கே நல்ல படம் கிடைக்கும்.

பெற்றோரே, விடுமுறை நாளில் ஒருமுறை பிள்ளைகளோடு நீங்களும் செல்லுங்கள். வீட்டு அலமாரியிலோ பழைய ஆல்பத்திலோ மீட்டர் பாதைக் காலத்துப் போடி வண்டியின் படம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். எந்த ஆண்டு, எந்த நிலையம், யார் எடுத்தது என்று பின்புறம் எழுதி வையுங்கள். அந்த வண்டியில் மதுரைக்குச் சென்று வந்த வாப்பாக்களும் நன்னிமார்களும் இன்னும் நம்மோடு இருக்கின்றனர். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டுக் குறித்து வைத்தால், இன்ஷா அல்லாஹ், நாளை அந்தப் படங்களுக்குப் பொருள் சொல்ல ஒருவர் இருப்பார்.