தேயிலைக் கடல், சோலைத் தீவு

என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், தலைவாசலுக்கு நேரே, ஒரு காட்டெருமைக் கொம்பு தொங்கியது. "வால்பாறையில துரைகூட சிகாருக்குப் போனப்பக் கெடைச்சதுங்க" என்பார், வருகிறவர்களிடமெல்லாம். துப்பாக்கியைத் தூக்கினாரா, துரைக்குச் சோற்று மூட்டையைத் தூக்கினாரா என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் கதையின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது; கொம்பும் பரணுக்கு ஏறிவிட்டது. 1976-இல் வால்பாறையைச் சூழ்ந்த ஆனைமலைக் காடு சரணாலயம் ஆனது, 2007-இல் புலிகள் காப்பகம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் வரையாடு ஒன்று பாறை விளிம்பில் நின்று, எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தது. ஏறி முடித்தால் தேயிலை, கண்ணுக்கு எட்டியவரை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கே மழைக்காடு. காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டியது போக, மிச்சம் துண்டு துண்டாக நிற்கிறது. தீவுகள்தான். என்ன, இந்தக் கடலைக் கடக்கப் படகு கிடையாது.

புதுத்தோட்டம் அப்படி ஒரு தீவு. ஊரை ஒட்டியே இருக்கிறது. மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ வேண்டிய சோலைமந்தி, கிளையோடு கிளை சேராத இடத்தில் தார்ச்சாலைக்கு இறங்குகிறது. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். தோட்டங்களோடு சேர்ந்து, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு சோலைத் துண்டுகளில் காட்டு மரக்கன்றுகளும் நட்டு வருகிறது.

நான் பார்த்த மந்தி பாலத்தில் போகவில்லை. கறுத்த முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வாலின் நுனியில் குஞ்சம், வயிற்றைக் கவ்விய குட்டி. காருக்கு நாலடியில் உட்கார்ந்தது. என் கை தானாகப் பூவன் பழச்சீப்புக்குப் போனது.

கம்போடு ஓரமாக நின்ற காவலர் கண்ணாடியைத் தட்டினார். "ஏனுங்க, இன்னிக்கு நீங்க குடுத்துப் பழக்குனா, நாளைக்கு அது வண்டிக்கு முன்னால வந்து நிக்குமுங்க. அடுத்த நாள் வண்டிக்கு அடியில கெடக்குமுங்க."

பெரியப்பாவாவது பனியில் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்திருப்பார். நான் கண்ணாடியைக்கூட முழுசாக இறக்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுத்தோட்டம் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். பழத்தை நீங்களே சாப்பிட்டுவிட்டு, தோலை ஊருக்கு எடுத்துப் போங்கள்.