வாப்பாவின் கரம் போட்



போன வாரம் கரம் போட் படத்தைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், புதுசா வாங்கினதா?" "எந்த ஓடாவி செய்து தந்தது?" "என்ன பெயின்ட்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரம் போதவில்லை. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் பெயின்ட் பற்றிய பகுதியையாவது வாசியுங்கள். கடைசியில் எங்களுக்கும் உங்களிடம் ஒரு தேவை இருக்கிறது.

போட் புதுசு இல்லை. வாப்பா கலியாணத்துக்கு முந்தியே ஊர் ஓடாவியிடம் சொல்லிச் செய்வித்தது. சட்டம் முதிரை மரம், ஆடும் பலகை பிளைவூட். நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்து வந்தால் ஸஹர் நேரம் வரைக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் காய் அடிக்கும் சத்தம் ஓயாது. வாப்பா வஃபாத்தான பிறகு அது அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது. இந்த ஓகஸ்ட் விடுமுறையில்தான் மூத்த மகன் அதை வெளியே எடுத்தான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினோம்.

சட்டத்தில் மூன்று தட்டுப் பெயின்ட் இருந்தது. மேலே பச்சை, அதற்கடியில் சிவப்பு, அடியில் மஞ்சள். பெருநாளைக்குக் கதவு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய எனாமலையெல்லாம் அந்தக் காலத்தில் இதற்கும் பூசியிருக்கிறார்கள். பச்சை செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. மகன் சேண்ட் பேப்பரோடு வந்து நின்றான். தேய்க்க முன்னர் அவனை உட்கார வைத்துப் பெயின்டைப் பற்றிக் கதைத்தோம்.

அந்தக் காலத்து எனாமல் பெயின்டில் ஈயம் கலந்திருப்பது வழமை. மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச்சென்ற நிறங்களில் அது கூடுதலாக இருக்கும். நம் நாட்டில் பெயின்டில் உள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். சுவரில், மரத்தில் ஒட்டிக்கொண்டு நல்ல நிலையில் இருக்கும் வரைக்கும் அது பெரிதாகத் தொல்லை தராது. காய்ந்த பெயின்டைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசியில்தான் ஆபத்து. அந்தத் தூசி நிலத்தில் படியும். தவழும் பிள்ளை அதில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். உடலுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கவனமும் படிப்பும் குறையும். இந்த அளவு வரைக்கும் பயமில்லை என்று சொல்ல எந்த அளவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்பறையில் நிற்கிற எங்களுக்கு இது சும்மா வாசித்துவிட்டுப் போகிற செய்தி இல்லை.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நாங்கள் செய்தது இதுதான்:

சின்ன மகளை இரண்டு நாளைக்கு மாமி வீட்டுக்கு அனுப்பினோம். வளவில் கிணற்றுக்குத் தூரமாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு விரித்தோம். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய என்95 மாஸ்க் போட்டுக்கொண்டோம். துணி மாஸ்க் இந்தத் தூசியை மறிக்காது. சட்டத்தை நனைத்து நனைத்துத்தான் தேய்த்தோம், முதலில் 120 நம்பர் பேப்பர், பிறகு 220. ஈரமாக இருந்தால் தூசி பறக்காது, களியாக வழியும். அதைப் பழந்துணியால் துடைத்து, துணியையும் விரிப்பையும் பைக்குள் போட்டுக் கட்டினோம். எரிக்கவில்லை, விளக்குமாற்றால் கூட்டவுமில்லை. உடுப்பைத் தனியாகக் கழுவி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனோம். நெருப்பால் வாட்டிப் பெயின்ட் உரிப்பவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அந்தப் புகை தூசியைவிட மோசம்.

உங்கள் வீட்டில் பழைய தொட்டில், கட்டில், ஜன்னல் எதற்குப் பெயின்ட் அடித்தாலும் இதே முறைதான். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் கிட்ட விட வேண்டாம்.

ஆடும் பலகைக்கு எனாமல் கூடாது. காய் ஓடாது. பழைய போரிக் பவுடர் அழுக்கை எடுத்து, நைசான பேப்பரால் லேசாகத் தேய்த்தோம். இங்கே தண்ணீர் விரலால் தெளித்த அளவுதான், ஏனென்றால் பிளைவூட் தண்ணீர் குடித்தால் உப்பிவிடும். பிறகு கோடு. ஆடும் இடம் 74 சென்ரிமீற்றர் சதுரம். நான்கு பக்கமும் அடிக்கோடு 47 சென்ரிமீற்றர் நீளம், சட்டத்திலிருந்து 10.15 தள்ளி. நடுவில் பெரிய வட்டம் 17, சின்ன வட்டம் 3.18. கரும்பலகைக் கவராயத்தால் வட்டம் போட்டோம். கணிதப் பாடத்தில் ஆரை, விட்டம் என்றால் கொட்டாவி விடுகிற எங்கள் மகன், அரை மில்லிமீற்றர் பிசகுகிறது என்று எங்களோடு சண்டை பிடித்தான். கோடு காய்ந்த பிறகு மெல்லிசாக இரண்டு தடவை சீலர். சட்டத்துக்கு ஈயம் சேர்க்காதது என்று டின்னில் எழுதியிருந்த கறுப்பு எனாமல். எல்லாம் கல்முனை பஸாரில் வாங்கியவைதான்.

15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தால் அது குறைந்தது மூன்றரைத் தடவை பலகையைக் கடக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எங்களுடையது மூன்றைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. அல்ஹம்துலில்லாஹ், வீட்டுக்கு அது போதும்.

இனி எங்கள் தேவை.

சட்டம் காய்ந்ததும், கடையில் வாங்கியது போல இருக்கட்டும் என்று போட்டின் அடிப்பக்கத்துக்கும் கறுப்பு அடிக்கப் போனான் மகன். கவிழ்த்துப் போட்டபோது உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"மகன், அதத் தொடாதீங்க. உங்கட வாப்பாட எழுத்து அது."

அடிப்பலகை முழுவதும் பென்சில் எழுத்து. ஆட்டக் கணக்கு. ஒவ்வொரு நிரலுக்கும் மேலே ஒரு முதலெழுத்து, பக்கத்தில் ஆண்டு. 1979இலிருந்து தொடங்குகிறது. உம்மா ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சொன்னார். இவர் கட்டாருக்குப் போய் அங்கேயே மௌத்தானவர். இந்த இரண்டு பேரும் காக்கா தம்பி, 2004 டிசம்பரில் கடல் வந்த அன்று போனவர்கள். இவர் மட்டும் இன்னும் பள்ளிக்கு வருகிறார், காது கேட்பதில்லை.

'எஸ்' என்று ஒரு நிரல் இருந்தது. மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் வெற்றி கூட. வாப்பாவுக்குப் பக்கத்து நிரல். 1990 மே மாதத்தோடு அது நின்றுவிட்டது.

"இது ஆரு உம்மா?"

"தபால்கந்தோர்ல வேலை செஞ்சவர். தமிழ் ஆள். நோம்புக்கு அவர்தான் முதல்ல வந்து குந்துவார், எங்கட கஞ்சியும் குடிப்பார். அதுக்குப் பிறகு அவர் வரல்ல. இவரும் போகல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "போகேலாம இருந்திச்சி" என்றார்.

1990 ஜூனுக்குப் பிறகு நமது பகுதியில் இரண்டு பக்கமும் என்ன நடந்தது என்று வயதானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பா அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் ஹயாத்தாக இருந்தார். எங்களிடம் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எழுதிய கணக்கில் தன் பக்கத்து நிரலை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கோடு கீறி வெறுமையாக விட்டிருக்கிறார்.

மகன் பெயின்ட் டின்னை மூடிவிட்டான். அடிப்பக்கத்தை நாங்கள் தொடவில்லை. ஈரத்துணிகூடப் படவில்லை.

இப்போது அஸருக்குப் பிறகு தெருப் பிள்ளைகள் திண்ணைக்கு வருகிறார்கள். காசு வைத்து ஆடக்கூடாது, பாங்கு சொன்னால் எழும்ப வேண்டும். இரண்டே நிபந்தனைதான். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் ஆண்கள் ஒற்றையரில் வென்றவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ என்று சொன்னதிலிருந்து எல்லாருக்கும் உலகக் கிண்ணம்தான் இலக்கு. போன் திண்ணைக் கட்டில் கிடக்கிறது.

அடிப்பலகையின் படத்தை இத்துடன் போட்டிருக்கிறோம். 'எஸ்' யார் என்று தெரிந்தவர்கள், 80களில் தபால்கந்தோரில் வேலை செய்தவர்களைத் தெரிந்தவர்கள், கொமெண்டில் பெயரை எழுத வேண்டாம். அவருக்கு விருப்பமோ தெரியாது. எங்களுக்குத் தனியாக அறிவியுங்கள். பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கம் நண்பர்கள் இருந்தால் இந்தப் படத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள். அவர் ஹயாத்தோடு இருந்தால் உம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்களே போகிறோம். திண்ணைக்கு வர அவருக்கு ஏலாது என்றால், போட்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்கிறான் மகன்.

இன்ஷா அல்லாஹ்.