ப-ப-கோ

கணக்கு ஆசிரியராகவே ஓய்வு பெற்றவன் நான். முக்கோணங்களின் சர்வசமத்தை ஒரு வருடம்கூட ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை. ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ, செ-க-ப என்று ஒப்பிக்க வைத்தேன் (ப பக்கம், கோ கோணம்; செ-க-ப என்றால் செங்கோணம், கர்ணம், பக்கம்). யூக்ளிட் தன் முதல் புத்தகத்தில் ப-கோ-பவை 4ஆம் தேற்றமாகவும் ப-ப-பவை 8ஆம் தேற்றமாகவும் காரணம் காட்டி நிறுவுகிறார். என் வகுப்பில் காரணத்துக்கு இடமே இல்லை. கொடுக்கப்பட்டவை, பொதுப் பக்கம், விதியின் பெயர், முடிவு. இந்த வரிசை பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையில் அமையாத ஒரு கோணமும் சமம் என்று காட்டிவிட்டு, 'ப-ப-கோ விதிப்படி' என்று முடித்திருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன்.

"ஏன் சார் கூடாது?"

"புக்ல இல்ல. எழுதாத."

போர்ஷன் முடிக்கும் அவசரம் என்று சாக்குச் சொல்லலாம், அது பொய். எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை.

வெகுகாலம் கழித்து, கவராயத்தை எடுத்து நானே வரைந்து பார்த்தேன். 8 செ.மீ. கோடு. ஒரு முனையில் 30° கோணத்தில் ஒரு கதிர். மறுமுனையில் கவராயத்தை ஊன்றி 5 செ.மீ.க்கு வில் போட்டால், கதிரை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. அளவுகள் அவையே, முக்கோணங்கள் இரண்டு. ப-ப-கோ பொது விதியாகாததன் காரணம் இவ்வளவுதான். ஆனால் 5ஐ 9 ஆக்கினால் வில் ஒரே இடத்தில்தான் வெட்டும். கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் மற்றதைவிட நீளமாக இருந்துவிட்டால் ப-ப-கோ செல்லும். செ-க-ப என்று தனி விதியாக நாம் படிப்பதே இதில் ஒரு வகைதான்.

அவள் எடுத்த கோணம் விரிகோணம். அதற்கு எதிர்ப்பக்கம்தான் எப்போதும் நீளமானது. ஆகவே அவள் முடிவு சரி. அதற்கான விளக்கம் மட்டும்தான் பாக்கி. அதைச் சொல்லித் தர வேண்டியவன் பூஜ்யம் போட்டேன். பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அதை என் சாதனையாகச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது இந்தப் பாடத்தை எடுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: விதிகளைச் சொல்லும் முன் 8, 30°, 5 என்ற அளவுகளைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது, நாளைக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.