தேருக்கு முட்டுக்கட்டை



ராஜபாளையத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், காசநோய் மாத்திரை ரெண்டு மாசம் சாப்பிட்டேன். இருமல் நின்னுடுச்சு. நிறுத்திடலாமா?"

நிறுத்தவே கூடாது.

கிருமிக்குள் மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் தேர் ஒன்று உண்டு. ஐந்து புரதத் துண்டுகள் சேர்ந்தது. எங்கே தொடங்குவது என்று காட்ட 'சிக்மா' என்ற ஆறாவது புரதம் வர வேண்டும். தேர் நகர்ந்ததும் பெரும்பாலும் அது விலகிவிடும்.

ரிஃபாம்பிசின் மாத்திரை அந்தத் தேரின் 'பீட்டா' துண்டில் உட்கார்ந்துகொள்ளும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேருக்குப் போடும் முட்டுக்கட்டை மாதிரி. இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் ஆர்.என்.ஏ. நீளாது.

பாதியில் நிறுத்தினால், பீட்டா மாறிப்போன கிருமிகள் பெருக வழியாகும். அவற்றிடம் இந்தக் கட்டை நிற்காது.

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆறு மாதமோ, கூடுதலோ, டாக்டர் சொல்லும்வரை சாப்பிடுங்கள்.