கலமசூவில் கேட்ட காந்தாரம்

சிகாகோவில் கிளம்பிய ரயில் மிச்சிகன் ஏரியின் தென்முனையைச் சுற்றி இண்டியானா மாநிலத்துக்குள் நுழைந்ததும், ஜன்னலுக்கு வெளியே கேரி நகரத்து இரும்பாலைகள் வரத் தொடங்கின. 1906இல் ஏரிக்கரை மணல்மேடுகளைச் சமப்படுத்தி யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் உண்டாக்கிய ஊர் இது. துருவேறிய கன்வேயர்கள், கரி படிந்த கூரைகள், வரிசை வரிசையாக மின்கம்பங்கள். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தையும் மீஞ்சூரையும் தாண்டி கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய் வந்து பழகிய கண்ணுக்கு இது பக்கத்து ஊர் மாதிரியே இருந்தது. பூமிப்பந்தின் மறுபக்கத்தில் இப்படி ஒரு உறவுக்காரக் காட்சி கிடைக்கும் என்று நினைக்கவில்லை. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக்கொண்டு கடைசி புகைபோக்கி மறையும்வரை பார்த்தேன்.

நான் போய்க்கொண்டிருந்தது கலமசூவுக்கு. சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் நகரம். ஒரு காலத்தில் காகித ஆலைகளுக்குப் பேர்போனது. மின் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு அது பிறந்த வீடு மாதிரி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவிதான் பிக்கப்; உலகம் முழுக்க ராக் இசையின் குரலையே மாற்றிய ஹம்பக்கர் பிக்கப் அங்கேதான் உருவானது.

அதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கும் ஆலைகள் நிறைய. இன்டக்‌ஷன் ஃபர்னஸ் என்பது அடிப்படையில் ஒரு காயில். தடித்த செம்புக் குழாயைச் சில சுற்றுகள் சுற்றி, குழாய்க்குள் தண்ணீர் ஓடவிட்டு, மாறுமின்சாரத்தைச் செலுத்தினால், நடுவில் கொட்டிய இரும்பு நெருப்பே இல்லாமல் உருகிக் குழம்பாகிறது. காந்தப்புலம் மாறினால் உலோகத்தில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டதுதான் இதன் அடிப்படை. கிட்டார் பிக்கப்பும் அதே விதியில்தான் வேலை செய்கிறது. இங்கே கம்பி தலைமுடி மாதிரி, அமெரிக்க அளவில் 42 கேஜ். சுற்றுகளோ ஆயிரக்கணக்கில். உள்ளே ஒரு காந்தம், மேலே அதிரும் எஃகுத் தந்தி. ஃபர்னஸ் காயில் டன் கணக்கில் இரும்பை உருக்குகிறது, பிக்கப் காயில் ஒரு தந்தியின் நடுக்கத்தைக் கேட்கிறது.

சிக்கல் என்னவென்றால், பிக்கப் தந்தியை மட்டும் கேட்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக், சுவருக்குள் ஓடும் வயர் என்று சுற்றிலும் உள்ள எல்லாக் காந்தப்புலங்களையும் சேர்த்தே கேட்கிறது. ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள கிட்டாரை எங்கள் பக்கம் ஆம்ப்பில் செருகினால், வாசிக்கும் முன்பே ‘ம்ம்ம்’ என்று ஹம் அடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய இசையின் கீழ்ஸ்தாயி ஜி ஸ்வரம் ஒன்று 49 ஹெர்ட்ஸ். அதனால் எங்கள் வீட்டு ஹம் எப்போதும் ஜி-க்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். அதையே தம்புரா சுருதியாக வைத்துப் பயிற்சி செய்திருக்கிறேன்.

கலமசூ ஸ்டேஷனில் இறங்கும்போது அக்டோபர் குளிர். மேப்பிள் மரங்கள் மொத்தமும் சிவந்து கிடந்தன. சிகாகோவில் வைத்த கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. பார்சன்ஸ் தெரு நடக்கும் தூரம்தான். 225ஆம் எண் கட்டடத்துக்கு முன்னால் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. பழைய செங்கல் சுவர், உயரமான ஜன்னல்கள், செங்கல் புகைபோக்கி. 1902இல் தொடங்கிய கிப்சன் என்ற இசைக்கருவி நிறுவனம் 1917இல் கட்டிய தொழிற்சாலை. அந்த நிறுவனம் ஆரம்பத்தில் தன் பெயரில் மாண்டலினைத்தான் முதலில் வைத்திருந்தது, கிட்டார் இரண்டாவதாகத்தான் வந்தது. நமக்கு மாண்டலின் என்றால் யு. ஸ்ரீநிவாஸ். ஜோடி ஜோடியாக இருக்கும் தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கி, மின் மாண்டலினில் கமகத்தைக் குழைத்துக் காட்டிய அந்த மேதையை, மாண்டலின் செய்து வளர்ந்த இந்தக் கட்டடத்தின் வாசலில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கிப்சன் 1984இல் இந்த ஆலையை மூடிவிட்டு உற்பத்தியை நாஷ்வில் நகருக்கு மாற்றிக்கொண்டது. ஊரை விட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளர்கள் சிலர் 1985இல் ஹெரிடேஜ் என்ற பெயரில் அதே கட்டடத்தில் கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். ஆலை மூடினால் ஊர் என்னவாகும் என்று தெரிந்த எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

கிப்சன் காலத்தில் இந்த ஆலையில் வேலை பார்த்தவர்தான் ஹம்பக்கரை உருவாக்கிய சேத் லவர். 1910இல் கலமசூவிலேயே பிறந்தவர். ரேடியோ பழுதுபார்த்து, கடற்படையில் மின்னணுவியல் வேலை செய்து, 1952இல் கிப்சனுக்குத் திரும்பி வந்தவர். ஆம்ப்ளிஃபயருக்குள் ஹம்மைத் தணிக்க இரட்டைச் சுருள் ஏற்பாட்டை ஏற்கெனவே கையாண்டிருந்தார். அதையே பிக்கப்பில் செய்தால் என்ன என்று யோசித்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காயில்கள். ஒன்றின் காந்தமுனை வடக்கு, மற்றதில் தெற்கு. இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இணைத்துவிட்டால், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கி, இரண்டும் கழிந்துவிடும். தந்தியின் ஒலிக்கோ காந்தமும் தலைகீழ், சுற்றும் தலைகீழ் என்பதால் இரண்டும் கூடிவிடும். 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் லெஸ் பால் கிட்டாரில் ஏறியது. காப்புரிமை 1959 ஜூலையில்தான் கிடைத்தது. ‘பேட்டன்ட் அப்ளைட் ஃபார்’, அதாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று அடியில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரால்தான் அந்தக் காலத்துப் பிக்கப்புகளுக்கு பிஏஎஃப் என்று பெயர் வந்தது. பிறகு நம்பர் போட்ட ஸ்டிக்கர் வந்தபோது அதில் இருந்தது, அந்தக் கிட்டாருக்குப் பெயர் தந்த லெஸ் பால் என்பவரின் டெயில்பீஸ் காப்புரிமை எண். ரே பட்ஸ் என்பவரும் அதே காலத்தில் தனியாக இதே வழியைக் கண்டு கிரெட்ச் நிறுவனத்துக்குச் செய்துகொடுத்தார்.

லவர் தேடியது நாதத்தை அல்ல, மௌனத்தை. ஆனால் இரண்டு காயில்களும் தந்தியை இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் இரண்டு இடங்களில் கேட்கின்றன. மிக நுண்ணிய மேல் ஸ்வரங்கள் சில அங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சுற்றுகள் கூடியதால் இண்டக்டன்ஸும் கூடி, ஒலி உச்சமடையும் இடம் கீழே இறங்குகிறது. அதனால்தான் ஹம்பக்கரின் குரல் கனிந்து, உருண்டு, கொஞ்சம் இருண்டு வருகிறது. ஹம்மை நீக்கக் கொடுத்த விலையையே உலகம் நாதமாகக் கொண்டாடியது. அறுபதுகளின் கடைசியில் லண்டன் மேடைகளில் ஆம்ப்களை முழுக்கத் திறந்து வாசித்த இளைஞர்களுக்கு அந்தக் கனம்தான் வேண்டியிருந்தது.

ஊரில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனேன். நடத்துகிற பெரியவர், தூரத்திலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் மேசையைக் காலி செய்துவிட்டு, ஒரு பழைய பிக்கப்பைத் திருப்பிவைத்து மூடியைக் கழற்றினார். இரண்டு பாபின்கள், ஒன்றில் ஆறு ஸ்க்ரூ, மற்றதில் ஆறு எஃகுத் துண்டு, அடியில் குறுக்கே ஒரு காந்தப் பட்டை, ஓரத்தில் மேப்பிள் சிம்பு. காயில் கம்பி விளக்கொளியில் கருஞ்சிவப்பாக மின்னியது. சுற்றின் ஓரங்கள் ஒரே சீராக இல்லை. ஐம்பதுகளில் சுற்றுகளைத் துல்லியமாக எண்ணி நிறுத்தும் வசதி இல்லை, ஒரு காயிலில் ஐயாயிரம் என்பது குறிக்கோள் மட்டும்தான். இரண்டு காயிலுக்கும் சில நூறு சுற்று வித்தியாசம் இருந்தால் ஹம் முழுக்கக் கழியாது, ஆனால் மேல் ஸ்வரங்களும் முழுக்கக் கழியாமல் குரலில் ஒரு தெளிவு மிஞ்சும். நம்மூர் மோட்டார் ரீவைண்டிங் கடையில் காயில் கட்டுகிறவர் கைப்பழக்கத்தில் மோட்டாரின் சூடே மாறுவதைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. மூடியைத் திரும்பப் பொருத்தி, பிக்கப்பை ஆம்ப்போடு இணைத்து, விரல் நகத்தால் தட்டினார். ஆம்ப்பில் ‘டொக்’ என்று கேட்டது. அந்தக் காலத்து பிஏஎஃப்களை மெழுகில் முக்கியதில்லை, அதனால் தட்டலும் கேட்கும்.

பிறகு மூன்று கிட்டார்களை எடுத்துவைத்தார். ஒரே மாதிரி மஹோகனி உடம்பு, ஒரே ரகத் தந்தி, ஒரே ஆம்ப், ஒரே கேபிள். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் மட்டும் வேறு வேறு. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நான் வாசித்தது தோடி. ஒரே தந்தியில் காந்தாரத்தை அசைத்து, ரிஷபத்துக்கு ஜாருவில் இறங்குவது. பிக்கப்பைச் சோதிக்க இதைவிடக் கடினமான தேர்வு எனக்குத் தெரியாது.

முதலாவது அல்நிகோ 2 காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட்டோடு பெரும்பகுதி இரும்பு சேர்ந்த உலோகக் கலவை அல்நிகோ. 1931இல் டோக்கியோவில் டொகுஷிச்சி மிஷிமா கண்டுபிடித்த எஃகின் வம்சம். பிளெக்ட்ரம் படும் முனை மழுங்கி, ஸ்வரம் குரல்போல் திறந்தது. காந்தாரத்தின் அசைவு உடையாமல் ஓடியது. கீழ்த்தந்தி மட்டும் கொஞ்சம் தளர்வு. இரண்டாவது அல்நிகோ 5, அதைவிடப் பலமான காந்தம். கீழ்ஸ்தாயி கெட்டியாக நின்றது, மேலே பளிச்சென்ற வெட்டு. துரித காலத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழுந்தது. மூன்றாவது செராமிக் காந்தம், அதிகச் சுற்றுகள். லாரி டிமார்சியோ 1972இல் சூப்பர் டிஸ்டார்ஷன் கொண்டுவந்த பிறகு பெருகிய ரகம். தொட்டதுமே ஆம்ப் உறுமியது. பவர் கார்டுக்கு அதற்கு நிகரில்லை. ஆனால் என் காந்தாரத்தின் ஓரங்களை அது தட்டையாக்கிவிட்டது. இதில் காந்தத்தை மட்டும் குறைசொல்லக் கூடாது. சுற்றுகளைக் கூட்டியதில் உச்சம் இறங்கிப்போனதும் காரணம். மல்ட்டிமீட்டரில் ஓம்ஸ் பார்த்துப் பிக்கப்பைத் தரம் பிரிப்பது அதனால்தான் சரிவராது. கம்பியை இன்னும் மெல்லியதாக்கினாலே ஓம்ஸ் ஏறிவிடும், ஒலி அதே அளவுக்கு ஏறாது.

கடைசியாக, வித்தியாசம் தெரியட்டும் என்று பி-90 என்ற ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள கிட்டாரைச் செருகினார். ஹம் வந்தது. ஆனால் அது என் ஹம் இல்லை. சுருதி ஏறியிருந்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அறுபதுக்கு ஐம்பது என்றால் ஆறுக்கு ஐந்து. அது சாதாரண காந்தாரத்தின் விகிதமேதான். எங்கள் ஊர் ஹம்மை ஷட்ஜமாக வைத்தால், சேத் லவர் ஊர் ஹம் தோடியின் காந்தாரத்தில் நிற்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பார்த்தார். இரண்டு கண்டங்களின் மின்சாரம் சேர்ந்து ஒரு ராகத்தின் அடியை இசைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்து நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் கிட்டார் பழகும் தம்பி தங்கைகளுக்கு என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கமகம் வாசிக்க அல்நிகோ 2, பல பாணியும் வாசிக்க அல்நிகோ 5, மெட்டல் வாசிக்க செராமிக். விலை உயர்ந்த பெயருக்காகக் காசைக் கொட்டாதீர்கள். உங்கள் கேபிளையும் உங்கள் பிளெக்ட்ரத்தையும் கடைக்கு எடுத்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஹம்பக்கர் காந்தப்புலத்து ஹம்மை மட்டும்தான் கழிக்கும். எர்த் சரியில்லாததால் வரும் இரைச்சலுக்கு அதனிடம் மருந்து கிடையாது. ஆகவே பிக்கப் வாங்கும் முன், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சரிபார்த்துவிடுங்கள். அது உயிருக்கும் பாதுகாப்பு.